எண்ணிக் கொடுக்காத சலவைக் கடை

அந்தச் சலவைக் கடையில் துணியை எண்ணி வாங்கும் பழக்கம் கிடையாது. மூட்டையை மேசைமேல் பிரித்ததும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு நூலை முடிவார்கள். அதே நிறத்தில் இன்னொரு நூலை ஒதுக்கி வைப்பார்கள். கடைசியில் ஒதுக்கிய நூல்களையெல்லாம் கொத்தாகக் கட்டி வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். துணி வாங்க வரும் நாளில் கொத்தைப் பிரித்து, துணிக்கு ஒரு நூலாகப் போட்டுக்கொண்டே வந்தால் போதும். நூல் மீந்தால் துணி குறைகிறது என்று அர்த்தம்.

புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒண்ணு ரெண்டு தெரியாதா உங்களுக்கு என்று கேட்டவர்கள் உண்டு. கடைக்காரர்கள் அடுத்த துணியை எடுத்து நூலை முடிவார்கள். பழைய வாடிக்கையாளர்கள் புதியவரை முழங்கையால் இடித்து, வாயை மூடிக்கொண்டு நூலைப் பிடி என்பார்கள்.

அந்தக் கடைக்குப் பொத்தான் தைக்க ஒருத்தி வந்தாள். எந்நேரமும் உதடுகளுக்கு நடுவில் ஒரு பொத்தானைக் கவ்விக்கொண்டே வேலை செய்வாள். அதனால் 'பொத்தான்' என்பதே அவள் பேராகிவிட்டது. கிழிசல் தெரியாமல் இழையோட்டுவதிலும் கெட்டிக்காரி. சித்தி வீட்டில், ஏகப்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குரலை உயர்த்தினால்தான் காரியம் ஆகும் என்று பழகியவள். சலவைக் கடையின் அமைதி அவளுக்கு முதலில் சுகமாகத்தான் இருந்தது.

வந்த புதிதில் ஒரு நாள், "கத்தரிக்கோலைக் காணோமே, எங்கே வச்சேன்?" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள். பேச்சு வாயைவிட்டு வந்த மறுகணம் கடை நின்றது. துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்த கைகள் நின்றன. முதலாளியம்மாவின் மகன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியவர் தூக்கியபடியே பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளியம்மா பின்கட்டிலிருந்து வந்தாள். துணிகளுக்கு அடியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இங்க அப்படிப் பேசக்கூடாது."

"எப்படிம்மா?"

"இப்பப் பேசினியே, அப்படி."

அதற்குமேல் விளக்கம் இல்லை. கஞ்சித் தொட்டியருகே நின்றிருந்த கஞ்சியக்காதான் பிறகு அவளை ஒதுக்கமாக அழைத்துப்போய்க் காதில் போட்டாள். வெகுகாலமாகத் துணிகளுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு, தானே கஞ்சி போட்டதுபோல் விறைத்து நடக்கிறவள் அவள். ஒரு பொருள் கைக்கு அகப்படவில்லையென்றால் 'வரட்டும்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் இந்தக் கடையின் வழக்கம் என்றாள்.

"வரலேன்னா?"

"வரும்டி. எங்க போயிடப்..." என்று ஆரம்பித்த கஞ்சியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு தொட்டிக்குள் குனிந்துவிட்டாள்.

இவ்வளவு இருந்தும் பொத்தான் அந்த மகனையே கட்டிக்கொண்டாள். கைக்குட்டையைக்கூட யாருடைய மூக்கும் நோகக்கூடாது என்பதுபோல் இஸ்திரி போடுகிற மனிதர். கொஞ்சம் பேசுவார், நிறையக் கேட்பார். முதலாளியம்மா அத்தையானாள். அதன்பிறகுதான் அந்த வீட்டில் எத்தனை சொற்களுக்கு இடமில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

'எங்கே' இல்லை. 'தேடு' இல்லை. 'காணோம்' இல்லை. அதாவது போகட்டும், 'கிடைச்சிடுச்சு' என்பதும் இல்லை. தொலைந்ததைச் சொல்ல வேண்டாம் என்றால் புரிகிறது, கிடைத்ததைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? கிடைத்தது என்று சொன்னால், அதற்கு முன்னால் அது தொலைந்திருந்தது என்றாகிவிடுகிறது. அதனால் அதற்கும் இடமில்லை. ஒளிவதும் ஒளித்துவைப்பதும் இல்லை. எண்கள் எதுவும் வாயில் வரக்கூடாது. 'கண்ணை மூடு' என்று சொல்ல வழியில்லாததால் தூங்கப் போகிறவரைப் 'படு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. பக்கத்து வீட்டு வானொலியில் பந்தயச் செய்தி வந்தால் அத்தை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள்.

வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் சாயம் போகிற ஒரு சிவப்புத் துணி விழுந்துவிட்டால் தொட்டி முழுக்க என்ன ஆகும் என்று சலவைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவப்பு முதலில் ஒட்டிக் கிடப்பதில் ஏறும். பிறகு அதை ஒட்டிக் கிடப்பதில். கடைசியில் தொட்டியின் அடுத்த மூலையில் கிடக்கிற, சிவப்பைத் தொடவே தொடாத தலையணை உறையும் ரோஸ் நிறத்தில் வெளியே வரும். இந்த வீட்டிலும் ஏதோ ஒரு சொல் சாயம்விட்டிருக்கிறது என்று பொத்தானுக்குப் பட்டது. ஆனால் அந்தச் சிவப்புத் துணி எது என்று யாரும் சொல்லவில்லை. கணவரிடம் கேட்டாள். அவர் முகம் கஞ்சி போட்டதுபோல் விறைத்துக்கொண்டது. மறுபடி கேட்க மனம் வரவில்லை.

கிழிசல் தைக்கிறவளுக்கு ஓட்டையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம், அதன் ஓரம் தெரிந்தால் போதும். ஓரத்து இழைகள் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று பார்த்தால் நடுவில் இருந்தது என்ன என்று விரலுக்கே தெரிந்துவிடும். பொத்தான் வேலை செய்துகொண்டே மனதுக்குள் அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணுவது, கண்ணை மூடுவது, ஒளிவது, தேடுவது, கிடைப்பது, தோற்பது. ஒரு நாள் அவள் உதட்டில் கவ்வியிருந்த பொத்தான் நழுவி மடியில் விழுந்தது. சித்தி வீட்டில் அவள் ஆடாத நாளே கிடையாது அந்த ஆட்டம்.

அத்தை வைத்தியரைப் பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கஞ்சியக்காவிடம் நேராகவே கேட்டாள். "கண்ணாமூச்சியாக்கா?"

கஞ்சியக்கா கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே சொல்லி முடித்தாள். அத்தைக்கு ஒரு மகளும் இருந்தாள். இவருக்குத் தங்கை. சின்னப் பெண், வால் முளைக்காத குறை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அண்ணனும் தங்கையும் கடைக்குள் கண்ணாமூச்சி ஆடினார்கள். அண்ணன் சுவரைப் பார்த்து நின்று எண்ணினான், தங்கை போய் ஒளிந்தாள். அவ்வளவுதான். துணி உலர்த்தும் அறையைச் சல்லடையாகச் சலித்தார்கள், தரைப் பலகையைப் பெயர்த்தார்கள், தெருவே திரண்டு தேடியது, காவலர்கள் வந்து போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த கஞ்சியக்காவைத் தாண்டி யாரும் வெளியே போகவில்லை.

"உள்ள போனவ உள்ளதான இருக்கணும்?" என்றாள் கஞ்சியக்கா. "முதலாளியம்மா முதல்ல அந்த ஆட்டத்தோட பேரை மட்டும்தான் நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. ஒண்ணைச் சொன்னா அடுத்தது ஞாபகம் வருதேடி, என்ன பண்றது?"

இதற்குள் பொத்தானுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். குட்டி என்று கூப்பிட்டார்கள். குட்டி பேசத் தொடங்கியபோதுதான் தாய் அதைக் கவனித்தாள். பிள்ளைக்கு 'எங்கே' என்ற சொல் தெரியவில்லை. அப்பா கண்ணில் படாவிட்டால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும். பொம்மை கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டால் பெரிய மனுஷிபோல் "வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்ளும். தொலைத்ததைத் தேடத் தெரியாத பிள்ளையாக வளர்கிறதே என்று பொத்தான் மறுகினாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அதன் காதில் ரகசியமாக 'எங்கே, எங்கே' என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை கூச்சப்பட்டுச் சிரித்தது.

ஒரு மத்தியானம் உலரும் அறையிலிருந்து குட்டியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தொங்கும் படுக்கை விரிப்புகளுக்கு அப்பால், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் யாரும் அதற்கு 'ஒண்ணு' என்பதைக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது..."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவளுக்கு ஏழு வராது," என்றார். யாரைச் சொல்கிறார் என்று பொத்தான் கேட்கவில்லை.

தெருப் பிள்ளைகள் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு குட்டியைத் தூக்கி மடியில் வைத்து விசாரித்தாள். அக்கா சொல்லிக்கொடுத்தாள் என்றது பிள்ளை. எந்த அக்கா என்றால், விரிப்புகளின் பக்கம் கையைக் காட்டியது. கஞ்சியக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கையைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பனோட தங்கச்சி அத்தைதான், முறைப்படி," என்றாள். "ஆனா அந்த வயசுலயே நின்னுட்டா, பிள்ளைக்கு அக்காவாத்தான தெரியும்."

அன்றிலிருந்து பொத்தான் குட்டியை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கணவரிடம் கேட்டாள். அவரும் சரி என்றார். அத்தைக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். மறுக்கவில்லை, தன் கையாலேயே பிள்ளையின் துணிகளை மடித்து வைத்தாள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் கிளம்பலாம் என்று இருந்தார்கள்.

உலராத துணிகள் அறை முழுக்கத் தொங்கிய அந்த மத்தியானம், அவசரமாகக் கேட்ட ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைக்க அவள் குட்டியைக் கீழே இறக்கினாள். நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தபோது குட்டி இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தாள். கூடைகளைக் கவிழ்த்தாள். உலரும் அறைக்குள் போய் ஒவ்வொரு விரிப்பாக விலக்கினாள். ஈர விரிப்புகள் அவள் முகத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. விலக்கிய விரிப்பை விட்டதும் அது தன் இடத்துக்குத் திரும்பி, அதற்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் லேசாகப் புடைத்துக்கொண்டது. மறுபடி விலக்கினாள். சுவர்தான் இருந்தது.

வாசலில் கஞ்சியக்கா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி யாரும் வெளியே போகவில்லை.

பொத்தான் கடையின் நடுவில் வந்து நின்று வாய்விட்டுக் கேட்டாள். "எங்கே? எம் பொண்ணு எங்கே?"

அத்தை "வரட்டும். தானா வரும்" என்றாள்.

"வர்றதுக்கு அது என்ன கத்தரிக்கோலா அத்தை?"

அப்போது எல்லார் காதிலும் விழுந்தது. உலரும் அறையிலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. குட்டியின் சிரிப்பு. அதை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் பெரிய இன்னொரு சிரிப்பு. பொத்தான் பேரைச் சொல்லிக் கத்தினாள். சிரிப்பு நின்றது. பிள்ளை வரவில்லை.

"பேரைச் சொல்லாதே," என்றார் கணவர். குரல் அவருடையதாகவே இல்லை. "பேர் சொல்லிக் கூப்பிட்டா வரக்கூடாது. அப்பல்லாம் நான் ஏமாத்துவேன். அம்மா குரல்ல சாப்பிட வான்னு கூப்பிடுவேன், தங்கச்சி ஓடி வந்து மாட்டிக்குவா. அதனால பேர் சொன்னா வரமாட்டேன்னு சட்டம் போட்டா."

"அப்ப என்ன சொன்னா வருவா?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். ஓட்டையின் ஓரத்தில் இதுவரை எதற்கென்று புரியாமல் துருத்திக்கொண்டிருந்த ஓர் இழை பொத்தானின் விரலில் சிக்கியது. பந்தயமே நடக்காத இந்த வீட்டில் ஜெயிப்பதையும் தோற்பதையும் எதற்கு விலக்கி வைத்திருந்தார்கள்?

"தோத்துட்டேன்னு சொல்லணுமா?"

அவர் தலையாட்டினார்.

"அன்னைக்குச் சொன்னீங்களா?"

"எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். எனக்கு ஞாபகம் வந்தப்போ அந்த வார்த்தையே வீட்ல இல்ல."

அத்தை எழுந்து வந்து மகனின் வாயைக் கையால் பொத்தினாள். வளர்ந்த மகனின் வாய்க்கு அவள் எட்டி நிற்க வேண்டியிருந்தது. "சொல்லாதே. சொன்னா எல்லாம் முடிஞ்சிடும். தோத்துட்டோம்னா அவளை இழந்துட்டோம்னுதானே."

ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள் பொத்தான். இத்தனை காலமும் இந்த இரண்டு சொற்களும் ஒரே தொட்டியில் ஊறிக் கிடந்திருக்கின்றன, ஒன்றின் சாயம் மற்றதில் ஏறி, எது எதுவென்று தெரியாமல்.

"இல்ல அத்தை," என்றாள். "இழந்தா திரும்பி வராது. தோத்தா, ஒளிஞ்சவ வெளிய வருவா."

அத்தை அவளைப் பார்த்தாள். முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். மகனின் வாயிலிருந்து கை தானாக இறங்கியது.

அவர் உலரும் அறைச் சுவரருகே போனார். நெற்றியைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த உயரமான மனிதர் முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்ற விதத்தில் பத்து வயதுப் பையன்தான் தெரிந்தான்.

"தோத்துட்டேன்," என்றார். "வெளிய வா."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அறையின் கடைசியில் தொங்கிய விரிப்பு அசைந்தது. அடுத்து அதற்கு முன்னால் இருந்தது. பிறகு அதற்கும் முன்னால் இருந்தது. வரிசையாக ஒவ்வொன்றும் ஒதுங்கி வழிவிட, பொத்தான் இருமுறை விலக்கிப் பார்த்த அதே விரிப்புக்குப் பின்னாலிருந்து குட்டி வந்தாள். வலது கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாள், தன்னைவிட உயரமான ஒருத்தியின் கையைப் பிடித்து நடக்கிற பிள்ளைபோல. நிலைப்படிக்கு வந்ததும் அவள் விரல்கள் பிரிந்தன.

பொத்தான் பாய்ந்துபோய் அள்ளிக்கொண்டாள். பிள்ளையின் வலது கை மட்டும் சில்லென்று இருந்தது.

"அக்காவுக்குக் கால் மரத்துப்போச்சாம்," என்றாள் குட்டி. "ரொம்ப நேரமா குந்தியிருந்தாளாம்." பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்தபடி யோசித்தாள். "அண்ணன்னா யாரும்மா?"

"ஏன்டா?"

"இப்ப அண்ணன் ஒளியணுமாம், அவ எண்ணுவாளாம். ஆனா அப்பாவைக் காட்டுறா."

சுவரில் நெற்றியை வைத்திருந்தவர் சட்டென்று விலகினார். அவர் நெற்றி பட்ட இடத்திலேயே, சுவருக்கு மறுபக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாமல், சுவருக்குள்ளிருந்து என்றும் சொல்ல முடியாமல், ஒரு சின்னக் குரல் நிதானமாகத் தொடங்கியது. ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவர் ஒளியவில்லை. இரு கைகளையும் விரித்துக் காட்டியபடி பின்னோக்கியே நடந்தார். கடையைத் தாண்டி, வாசலில் உட்கார்ந்திருந்த கஞ்சியக்காவைத் தாண்டி, தெருவின் நடுவில் கொட்டுகிற மழையில் போய் நின்றார். நான் இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே நின்றார். எண்ணுகிற அந்தக் குரல் ஓயும்வரை நனைந்தார்.

குட்டியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பவில்லை. அக்கா இனிமேல் தன்னோடு ஆடமாட்டாள், அண்ணனோடுதான் ஆடுவாளாம் என்று பிள்ளையே சொல்லிவிட்டது. அதைக் கேட்டு நிம்மதிப்படுவதா, பயப்படுவதா என்று பொத்தானுக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்றைக்கும் அங்கே துணி போட்டால் நூல்கொத்துதான் தருவார்கள். ஆனால் பொத்தான் நூலை முடிந்துகொண்டே வாய்விட்டு எண்ணுகிறாள். குட்டி நாளெல்லாம் 'எங்கே, எங்கே' என்று எல்லாரையும் துளைத்தெடுக்கிறாள். விலகி இருந்த சொற்கள், போன வழியிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வீடு திரும்பிவிட்டன. இஸ்திரி மேசையைத் தெருவைப் பார்த்த முகப்புக்கு மாற்றிவிட்டார்கள். கணவர் அங்கே எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறார். பின்கட்டுக்குப் போக வேண்டியிருந்தால் உரக்கப் பேசிக்கொண்டே போய், பேசிக்கொண்டே வருகிறார். கதவுக்குப் பின்னாலோ விரிப்புக்குப் பின்னாலோ ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. இஸ்திரிக்காரருக்கு வாய் முளைத்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள்.

மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும் அத்தை ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு உலரும் அறைக்குப் போவாள். சுவரை ஒட்டிப் போட்டு, காதைச் சாய்த்து உட்காருவாள். பொத்தான் கையிலிருக்கும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு அத்தையின் குரல் மட்டும், பாடம் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு, மெல்ல வரும்.

"ஏழு, கண்ணு. ஆறுக்கப்புறம் ஏழு."